பானை ஓடுகளை இனம் பிரிப்பது எப்படி?

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் இருக்கிறது கீழடி. மத்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியதிலிருந்து பானை ஓடுகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை இனம் பிரிக்கப் பல தகவல்கள் உதவும். ஓட்டின் தடிமன் மில்லிமீட்டரில் வரும். நிறமோ கருப்பு-சிவப்பு, வெறும் சிவப்பு என்று பெயராக வரும். கீறல் குறியீடு உண்டா, இல்லையா என்பது இன்னொரு தகவல். எண்ணையும் பெயரையும் ஒரே கணக்கில் சேர்க்க முடியுமா?

முடியும். 1971இல் வழி சொன்னவர் பிரிட்டன் புள்ளியியலாளர் ஜான் கோவர். எந்தத் தகவலானாலும் இரண்டு ஓடுகளுக்கு இடையிலான வேறுபாட்டை 0 முதல் 1 வரைக்குள் அடக்கிவிட வேண்டும். ஓடுகளின் தடிமன் 4 முதல் 14 மி.மீ. வரை என்று வைத்துக்கொள்வோம். 6 மி.மீ. ஓட்டுக்கும் 9 மி.மீ. ஓட்டுக்கும் வேறுபாடு 3; அதை வீச்சான 10ஆல் வகுத்தால் 0.3. நிறம் வேறு என்றால் 1. இரண்டிலும் குறியீடு இருந்தால் 0. மூன்றின் சராசரி 0.43; இதுதான் அந்த இரண்டு ஓடுகளுக்கு இடையிலான ‘தூரம்’. உடைந்துபோய் அளக்க முடியாத தகவலை அந்த ஜோடிக்கு மட்டும் விட்டுவிடலாம்.

இதில் அழகான நுணுக்கம் ஒன்று: இரண்டு ஓட்டிலும் குறியீடு இல்லையென்றால் அதை ஒற்றுமையாக எண்ணாமல் கணக்கிலிருந்தே நீக்கலாம். குறியீடு அதே பானையின் வேறு துண்டோடு போயிருக்கலாமே!

இந்தத் தூரங்களைக் கொண்டு நெருங்கிய ஓடுகளைக் கணினி குழுக்களாகச் சேர்த்துவிடும். எத்தனை குழுவோடு நிறுத்துவது என்பதைப் பானை அறிந்தவர்தான் முடிவு செய்ய வேண்டும்.