பிரிண்டருக்கு வெளியே ஒரு மைப் புட்டி

புட்டியில் மை வாங்கி, பில்லரால் பேனாவுக்கு ஊற்றிய காலம் சரோஜினி நகரின் பழைய தலைமுறைக்கு நினைவிருக்கும். இந்தக் குடியிருப்பை வினய் நகர் என்றே சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். சம்பள நாளில் ஒரு புட்டி மை வாங்கினால் மாதக்கணக்கில் வரும். பேனா ஒரு கம்பெனியுடையது, மை இன்னொரு கம்பெனியுடையது என்று யாரும் கவலைப்பட்டதில்லை. பேரப்பிள்ளைகளின் காலத்தில் வீட்டுக்குள் வந்த இங்க்ஜெட் பிரிண்டரோடுதான் அந்தக் கவலையும் வந்தது.

மெஷின் மலிவு, மைதான் கையைக் கடிக்கிறது. கம்பெனிகளின் கணக்கே அதுதான். மெஷினைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, லாபத்தை கார்ட்ரிட்ஜில் எடுத்துக்கொள்வது. சிறிய கார்ட்ரிட்ஜில் இருப்பதோ சில மில்லி லிட்டர் மை. பையனின் பள்ளி புராஜெக்ட், பெண்ணின் பரீட்சை ஹால் டிக்கெட், ஊருக்குப் போகும் ரயில் டிக்கெட், வரன் பார்க்க நாலு பிரதி ஜாதகம் என்று போட்டுக்கொண்டே இருந்தால் மாதக் கடைசிக்குள் தீர்ந்துவிடும். குமாஸ்தா சம்பளத்தில் இது சின்னச் செலவா?

முதலில் வந்த மாற்றுவழி சிரிஞ்சு. மருந்துக் கடையில் ஊசி வாங்கி, கார்ட்ரிட்ஜின் மேல் துளையிட்டு, கடை மையை ஏற்றுவது. வேடிக்கை என்னவென்றால், இங்க்ஜெட்டின் பிறப்பிலும் ஒரு சிரிஞ்சு உண்டு. 1977-ல் ஜப்பானின் கேனன் ஆய்வுக்கூடத்தில், மை நிரப்பிய சிரிஞ்சின் ஊசியில் சூடான சால்டரிங் அயர்ன் தற்செயலாகப் பட, முனையிலிருந்து மை சீறியது. பபிள்ஜெட் முறைக்கு வித்திட்டது அந்த விபத்துதான்.

விரல்களில் கறை படிந்து அலுத்தவர்கள் அடுத்த படிக்குப் போனார்கள். பிரிண்டருக்கு வெளியே நான்கு புட்டிகள். அவற்றிலிருந்து கார்ட்ரிட்ஜுக்கு நான்கு மெல்லிய டியூபுகள். மீன் தொட்டிக்குக் காற்று விடும் டியூப், ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றும் டியூப் என்று கிடைத்ததை வைத்தே பலர் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பார்க்க எளிது. ஆனால் சூட்சுமம் புட்டியை வைக்கும் உயரத்தில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜுக்குள் உள்ள பஞ்சு, மையைச் சற்றே உள்ளிழுத்துப் பிடித்து வைத்திருக்கும். அதனால்தான் நுண்ணிய துவாரங்கள் வழியே மை தானாகச் சொட்டுவதில்லை. புட்டியைத் தூக்கி பிரிண்டரின் தலையில் வைத்தால், மொட்டை மாடித் தொட்டியிலிருந்து குழாயில் தண்ணீர் வருவதுபோல மை இறங்கி உள்ளே வெள்ளமாகிவிடும். தரையில் வைத்தாலோ மை பின்வாங்கி, டியூபில் காற்று புகும். காகிதத்தில் வெள்ளைக் கோடுகள் விழும். பிரிண்டர் நிற்கும் அதே மேஜையில், அதே மட்டத்தில் வைப்பதே சரி. புட்டி மூடியில் காற்றுத் துளை திறந்திருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு மெஷினைத் திட்டியவர்கள் அநேகம்.

மையிலும் கவனம் வேண்டும். சாய மை ஒரு ஜாதி, நிறமித் துகள் கலந்த மை வேறு ஜாதி. இரண்டையும் கலந்தால் துவாரம் அடைத்துக்கொள்ளும். டெல்லியின் மே, ஜூன் மாத வறட்டு வெயிலில் மை சீக்கிரம் உலர்வதால், வேலை இல்லாவிட்டாலும் வாரம் ஒரு வண்ணப் பக்கம் போடுவது நல்லது. துவாரத்தைச் சுத்தம் செய்யும்போது வெளியேறும் மையெல்லாம் மெஷினின் அடியில் ஒரு பஞ்சு மெத்தையில் சேர்கிறது. அது நிறைந்துவிட்டதாகக் கணக்கு வந்தால் பல மாடல்கள் வேலைநிறுத்தம் செய்துவிடும்!

கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. கார்ட்ரிட்ஜில் சிப் வைத்து, மை தீர்ந்தது என்று அதையே சொல்லச் செய்தன. பதிலுக்கு, தானே பூஜ்யத்துக்குத் திரும்பும் சிப் சந்தைக்கு வந்தது. அமெரிக்காவில் இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. லெக்ஸ்மார்க் கம்பெனியின் பழைய டோனர் கார்ட்ரிட்ஜுகளை நிரப்பி விற்ற இம்ப்ரெஷன் புராடக்ட்ஸ் என்ற சிறு நிறுவனம் 2017-ல் வென்றது. விற்றுவிட்ட பொருளின்மேல் பேடன்ட் உரிமை பேச முடியாது என்றது தீர்ப்பு. இந்தியாவை அது கட்டுப்படுத்தாது என்றாலும், நியாயம் ஒன்றுதானே?

அதற்கு முன்பே எப்சன் கம்பெனி வேறு விதமாக யோசித்தது. இந்தோனேசியாவில் தன் பிரிண்டர்களுக்கு வெளியார் டியூபும் புட்டியும் மாட்டி விற்பதைக் கண்டு, 2010-ல் அங்கேயே தொட்டி வைத்த பிரிண்டரைத் தானே இறக்கியது. மெஷின் விலை கூட. ஆனால் 70 மில்லி கறுப்பு மைப் புட்டி ஒன்றுக்கு சுமார் 4,000 பக்கம் என்று கணக்குச் சொன்னது. அது இந்தியாவுக்கும் வந்தது. 2015-ல் கேனனும் 2016-ல் ஹெச்.பி.யும் பின்தொடர்ந்தன. கைவேலைக்காரர் செய்த ஒட்டுவேலை, கம்பெனி முத்திரையோடு கடைக்கு வந்துவிட்டது.

புதிதாக வாங்குகிறவருக்கு இனி டியூப் வேலை தேவையில்லை. வாரண்டி உள்ள மெஷினில் துளை போட்டால் வாரண்டி போய்விடும். பரணில் கிடக்கும் பழைய மெஷினுக்கு உயிர் கொடுக்க நினைப்பவர் நேரு பிளேஸ் போகலாம். சரோஜினி நகரில் மெட்ரோ ஏறி லாஜ்பத் நகரில் வண்டி மாறினால், அங்கிருந்து மூன்றாவது ஸ்டேஷன்.

இன்னொன்று. ஏழு குடியிருப்புகளை இடித்துக் கட்ட 2016-ல் மத்திய அமைச்சரவை முடிவெடுத்ததிலிருந்து, சரோஜினி நகர்க் குடும்பங்களுக்கு குவார்ட்டர்ஸ் மாறுவது சகஜமாகிவிட்டது. டெம்போவில் சாமான் ஏற்றும்போது டியூப்களைக் கிளிப் போட்டு இறுக்கி, காற்றுத் துளையை அடைத்து, பிரிண்டரைச் சாய்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டும். மெத்தைக்கு மேல் வைத்தால், புது வீட்டில் முதல் வேலை மெத்தை உறை துவைப்பதாகத்தான் இருக்கும்.