கொடையும் கடனும் உழைப்பும்

மேல்நிலைத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் மதிப்பெண் எவ்வளவு என்று கேட்பவர் பலர். கல்லூரிக் கட்டணத்திற்கு என்ன வழி என்று எண்ணுபவர் பெரும்பாலும் வீட்டிலுள்ளோர் மட்டுமே. அந்த வழியைத் தேடும்போது ‘அரசு உதவி’ என்னும் ஒரே சொல்லுக்குள் மூன்று வேறுபட்ட ஏற்பாடுகள் அடங்கியிருப்பதைக் காணலாம். திருப்பித் தர வேண்டாத தொகை ஒன்று. வட்டியுடன் திருப்பித் தர வேண்டிய தொகை ஒன்று. உழைப்பிற்கு ஈடாகப் பெறும் தொகை மற்றொன்று. மூன்றும் வங்கிக் கணக்கில் பணமாகவே வந்து சேர்கின்றன. ஆயினும், அவற்றின் சுமையைத் தாங்கும் தோள்கள் வெவ்வேறானவை.

உதவித்தொகையால் ஒருவரின் வாழ்வு எவ்வளவு மாறும் என்பதற்கு அண்ணல் அம்பேத்கரே சான்று. 1913ஆம் ஆண்டு பரோடா அரசு மாதம் பதினொன்றரை பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அளித்த உதவியால் அவர் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது நிபந்தனை. 1917இல் திரும்பிவந்து பணியில் சேர்ந்தவருக்குத் தங்க இடம் தர அந்நகரில் எவரும் முன்வரவில்லை; விரைவிலேயே பணியைவிட்டு வெளியேற நேர்ந்தது. உதவி கல்விக்கான கதவைத் திறந்தது. சாதி அடைத்த கதவை அதனால் திறக்க இயலவில்லை. பின்னர் 1944இல் பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகை தொடங்கப்பட்டபோது, அவர் வைசிராயின் நிருவாகக் குழுவில் உறுப்பினராக இருந்தார். இன்றும் பல இலட்சம் மாணவர் அவ்வுதவியால் பயில்கின்றனர்.

தமிழ்நாட்டில் 2010-11ஆம் கல்வியாண்டு முதல் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை நடைமுறையில் உள்ளது. குடும்பத்தில் அதுவரை எவரும் பட்டம் பெறாதிருப்பின், தொழிற்கல்வி பயில வரும் ஒருவருக்கு மட்டும் கற்பிப்புக் கட்டணத்தை அரசு ஏற்கிறது. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வின்வழிச் சேர்ந்தோருக்கே இச்சலுகை உண்டு. நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோருக்கு இல்லை. இதனை அறியாமல் இடம் பெற்றபின் சான்றிதழுடன் அலைவதில் பயனில்லை.

தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரால் 1989 முதல் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு நிதியுதவி வழங்கப்பட்டு வந்தது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக, ‘புதுமைப் பெண்’ திட்டமாக உருமாறியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்ற மாணவி, கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார். பிற உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையாகாது. மணமேடைக்காகக் காத்திருந்த பணம் கல்லூரி வாயிலுக்கே வந்துவிட்டது. தொகையைக் காட்டிலும் இந்த இடமாற்றமே பெரிது. மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024இல் தொடங்கியது.

உழைத்துப் பெறும் உதவியில் இந்தியா இன்னும் செல்லவேண்டிய தொலைவு மிகுதி. அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, நூலகத்திலும் ஆய்வகத்திலும் பகுதிநேரப் பணி செய்யும் மாணவரின் ஊதியத்தில் பெரும்பங்கை நடுவணரசு ஏற்கத் தொடங்கியது. இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் பின்னர்ப் பட்டதாரிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால், பட்டதாரிகளைப் பொறுத்தவரை அது படிப்பு முடிந்தபின் கிடைக்கும் பயிற்சி. படிக்கும்போது கட்டணம் செலுத்த உதவாது.

எஞ்சியிருப்பது கல்விக்கடன். மிகுந்த கவனம் வேண்டுவதும் இதுவே. வங்கிகளின் மாதிரித் திட்டப்படி 4 இலட்சம் ரூபாய் வரை பிணையம் தேவையில்லை. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையொப்பமிடுவர். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை செலுத்த வேண்டியதில்லை. தவணை இல்லை என்பதை வட்டி இல்லை என்று பலரும் பொருள்கொள்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு இக்காலத்து வட்டியை நடுவணரசின் மானியம் ஏற்பதுண்டு. அதற்கு உரிய வருமானச் சான்று அளிக்க வேண்டும். மானியம் கிட்டாதோர்க்கு வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு: நான்காண்டுப் படிப்பிற்கு ஆண்டுத் தொடக்கந்தோறும் ஓர் இலட்சம் ரூபாய் வீதம், 10 விழுக்காடு தனிவட்டியில் கடன் பெறுவதாகக் கொள்வோம். முதல் இலட்சத்திற்கு ஐந்தாண்டு வட்டி 50,000 ரூபாய். அடுத்தவற்றிற்கு முறையே 40,000, 30,000, 20,000. ஆக, முதல் தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ரூபாயாக நிற்கும்.

படிக்கும்போதே வட்டியைச் செலுத்துவோர்க்கு வங்கிகள் வட்டி விகிதத்தில் சிறு சலுகை தருவதுண்டு. மேற்கண்ட கணக்கில் முதலாண்டின் மாத வட்டி ஏறத்தாழ 833 ரூபாய். புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாயில் அது அடங்கிவிடும். இரண்டாம் ஆண்டில் அடங்காது. விடுதி உணவிற்கும் நூலுக்கும் அந்த ஆயிரத்தையே நம்பியிருக்கும் மாணவிக்கு முதலாண்டிலும் அடங்காது.