தோட்டத்து ஸ்லைடுக்கு 300 டிபிஐ போதாது

1877இல் கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு பேராக்கில் ரப்பர் வேரூன்றியது. பால்மரம் நின்ற பல தோட்டங்கள் இன்று செம்பனைக் காடுகள். சில, வீடமைப்புப் பகுதிகள். லயங்கள் போய்விட்டன. ஈப்போவில் சில வீட்டு அலமாரிகளில் அந்த வாழ்க்கையின் வண்ண ஸ்லைடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. அவற்றை நிழற்படப் புத்தகமாக்க நினைக்கும் குடும்பங்களுக்கு முதலில் ஒரு கணக்கு தெரிய வேண்டும்.

ஸ்கேன் செய்யும் கடையில் “300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) போதும்” என்பார்கள். அது தாளில் அச்சாகும்போது வேண்டிய அளவு. ஸ்லைடை ஸ்கேன் செய்யும் அளவு அன்று. 35 மி.மீ. ஸ்லைடில் படத்தின் அகலம் 36 மி.மீ., அதாவது 1.42 அங்குலம். அதை 300இல் ஸ்கேன் செய்தால் 425 பிக்சல்தான் தேறும். அதைப் பக்கம் முழுக்க விரித்தால், தீமிதிக் கூட்டத்தில் நிற்கும் தாத்தாவின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறிவிடும்.

பக்கத்தில் படம் 10 அங்குல அகலம் வர 3000 பிக்சல் வேண்டும். 3000ஐ 1.42ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2100. எனவே 2400 டிபிஐ கேட்பது நல்லது. படத்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்குவதென்றால் 4000. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் ஃபிலிமின் துகள்தான் பெரிதாகும். கோப்பை டிஃப் வடிவில் வாங்கி வைத்தால், பிறகு நிறம் திருத்தும்போது தரம் குறையாது.

நம் ஊர் ஈரப்பதத்தில் ஸ்லைடில் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை தின்ற ஃபிலிமில் தண்ணீர் பட்டால் படப்பூச்சே கரைந்து வரலாம். ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. கோடக்குரோம் ஸ்லைடில், அகச்சிவப்பு ஒளியால் தூசி நீக்கும் வசதி பல ஸ்கேனர்களில் சரிவர வேலை செய்யாது. படத்தின் நுணுக்கத்தையும் தூசியென்று அழித்துவிடும்.

வேலை கெட்டால்? 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். சேவையை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்ய வேண்டும் என்கிறது அதன் 53ஆம் பிரிவு. பயனீட்டாளர் முன்கூட்டியே தெரிவித்த நோக்கத்துக்கு அந்தச் சேவை பொருந்த வேண்டும் என்கிறது 54ஆம் பிரிவு. அதனால்தான் “10 அங்குல அகலத்தில் புத்தகத்துக்கு, 2400 டிபிஐ, டிஃப், மொத்தம் இத்தனை ஸ்லைடு” என்று ரசீதிலேயே எழுதி வாங்குவது முக்கியம். “தொலைந்தால் பொறுப்பில்லை” என்ற அறிவிப்புப் பலகையால் மட்டும் சட்டம் தரும் பாதுகாப்பைப் பறித்துவிட முடியாது.

பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 3 ஆண்டுகளுக்குள் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி; கோரிக்கை 50,000 வெள்ளி வரை; வழக்கறிஞர் தேவையில்லை.

ஆனால் தொலைந்த ஸ்லைடை எந்த மன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது. முதலில் மூன்றே மூன்று ஸ்லைடுகளைக் கொடுத்து, அச்சடித்த மாதிரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். மனநிறைவாக இருந்தால் மற்றவற்றை எண்ணிக் கொடுங்கள். எண்ணித் திரும்ப வாங்குங்கள்.