பசியாற்றலில் தொடங்கும் வழிபாடு: வள்ளலார் வகுத்த அன்றாட வாழ்க்கை

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள், உடலைப் பேணுவதையும் பிறர் பசியைப் போக்குவதையும் இறைவழிபாட்டிலிருந்து பிரிக்கவில்லை. உடம்பு நலமாக இருந்தால்தான் உயிர் தன் பயனை அடையும். பசித்திருக்கும் உயிருக்கு உணவளிப்பதே அந்தப் பயனுக்கு முதல் படி. அவருடைய உரைநடை நூல்களும், வடலூரில் அவர் நிறுவிய அமைப்புகளும் இந்தக் கருத்தின் மேல் எழுந்தவை.

அவர் 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்தார். இளமையைச் சென்னை ஏழுகிணறுப் பகுதியில் கழித்து, 1858-இல் சென்னையை விட்டு நீங்கி, வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கினார். 1865-இல் சன்மார்க்க சங்கத்தைத் தொடங்கினார். 1867 மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலை திறக்கப்பட்டது. சாதி, சமயம், ஊர், நடத்தை எதையும் கேளாமல், பசி என்று வந்தவர் எவருக்கும் அங்கே சோறு இடப்பட்டது. தொடக்க நாளில் மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அவர் மறைந்த சில ஆண்டுகளில், 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைக் கொடும்பஞ்சம் வாட்டியது. பசியை முதற்கவலையாகக் கொண்ட அவருடைய போதனை எத்தகைய காலத்தை ஒட்டி எழுந்தது என்பதை இது காட்டும்.

தருமச்சாலையின் அடிப்படைக் கொள்கைகளை விளக்கும் நூல் ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’. பசி உடம்பையும் மனத்தையும் என்ன செய்கிறது என்பதை அந்நூல் உறுப்பு உறுப்பாக விவரிக்கிறது: கண் மங்குகிறது, காது அடைக்கிறது, கைகால்கள் தளர்கின்றன, அறிவு கலங்குகிறது, நம்பிக்கை போய்விடுகிறது. உணவு கிடைத்ததும் இவை ஒவ்வொன்றும் மீண்டு, முகம் தெளிகிறது. அந்தத் தெளிவில் கடவுள் விளக்கத்தையே காணலாம் என்பது வள்ளலாரின் முடிவு. இதில் நடைமுறை அறிவும் உண்டு. தன் குடும்பத்தைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்குச் சோறு இடுவதை அவர் ஏற்கவில்லை; குடும்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வாசலில் நிற்பவரைப் புறக்கணிப்பதையும் ஏற்கவில்லை. அவரவர் தரத்துக்கு ஏற்றபடி செய்ய வேண்டும் என்றார். திருமணம் போன்ற விசேஷங்களில் ஏழைகளுக்கு முதலில் உணவிடும்படி அறிவுறுத்தினார்.

மனிதர் கடைப்பிடிக்க வேண்டியவற்றை அவர் நான்கு ஒழுக்கங்களாகப் பகுத்தார். கண், காது, நாக்கு முதலிய புலன்களையும் கைகால்களையும் தீயவற்றில் செல்லவிடாதது இந்திரிய ஒழுக்கம். மனத்தை அலையவிடாமலும், பிறர் குற்றத்தைத் துருவாமலும் இருப்பது கரண ஒழுக்கம். ஆண் பெண், சாதி, சமயம், உயர்வு தாழ்வு என்ற வேற்றுமை பாராமல் எல்லோரையும் தம்மவராகக் கொள்வது ஜீவ ஒழுக்கம். யானை முதல் எறும்பு வரை எல்லா உயிர்களிலும் இறைவன் இருப்பதை உணர்வது ஆன்ம ஒழுக்கம். தன் உடம்பில் தொடங்கும் கட்டுப்பாடு படிப்படியாக விரிந்து எல்லா உயிர்களையும் தழுவுகிறது.

இந்த ஒழுக்கங்களுக்கு உடம்பைத் தகுதியாக்கும் தினசரி நெறியை ‘நித்திய கரும விதி’ கூறுகிறது. கதிரவன் எழுமுன் விழித்து, சற்று நேரம் இறைவனை நினைத்து அமர்ந்திருக்க வேண்டும். பிறகு காலைக்கடன், பல் துலக்குதல், குளியல், வழிபாடு. இடையிடையே எண்ணெய் முழுக்கு. சாப்பாட்டில் மிகுந்த விரைவும் கூடாது, மிகுந்த தாமதமும் கூடாது. வயிறு முட்ட உண்ணக் கூடாது. குடிப்பதற்குக் குளிர்ந்த நீரைவிட வெந்நீர் நல்லது. பகல் உறக்கம் ஆகாது. இரவு உணவு பகல் உணவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மாலையில் வீட்டில் விளக்கேற்றி இறைவனைப் பாடுவது நன்று.

உணவில் புலாலை அவர் முற்றிலும் விலக்கினார். கிழங்குகளில் கருணைக்கிழங்கை மட்டும் ஏற்றார். மிளகு, சீரகம் போன்றவற்றை விரும்பினார். புளி, மிளகாயைக் குறைக்கச் சொன்னார். கீரைகளில் கரிசலாங்கண்ணிக்கு முதலிடம் தந்தார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைச் சேர்த்து இடித்த பொடியைப் பாலிலோ நீரிலோ காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் சன்மார்க்க அன்பர்களிடம் இன்றும் உண்டு.

உடல் நெறிக்கு இணையாக மன நெறியையும் அவர் வைத்தார். உரக்கப் பேசுதல், ஓடுதல், வழக்கிடுதல், சினம் கொள்ளுதல் ஆகியவை உயிர்ப்பை வீணாகச் செலவிடுகின்றன என்றார். எந்த நேரத்திலும் அச்சம் கூடாது என்பதை வலியுறுத்திச் சொன்னார். உணவு, உறக்கம், உடலுறவு ஆகியவற்றை அளவோடு அனுமதித்த அவர், அச்சத்துக்கு மட்டும் சிறிதும் இடம் தரவில்லை.

வழிபாட்டுக்கென அவர் எழுப்பிய சத்திய ஞான சபை எண்கோண வடிவம் கொண்டது. 1872 ஜனவரி 25, தைப்பூச நாளில் அங்கே முதல் ஜோதி தரிசனம் நடந்தது. ஜோதியை ஏழு வண்ணத் திரைகள் மறைக்கின்றன. அறியாமைத் திரைகள் ஒவ்வொன்றாக விலகினால் உண்மை விளங்கும் என்பது இதன் பொருள். மாதந்தோறும் பூச நாளில் ஆறு திரைகள் நீக்கப்படுகின்றன. தைப்பூசத்தில் மட்டும் ஏழும் நீக்கப்படுகின்றன. 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் மேட்டுக்குப்பம் சித்திவளாக அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார். அவர் ஒளியுடம்பு பெற்றார் என்று அன்பர்கள் நம்புகிறார்கள். அவர் பிறந்த நாளை 2021-இல் தமிழ்நாடு அரசு தனிப்பெருங்கருணை நாளாக அறிவித்தது.

அளவான உணவு, இலகுவான இரவுச் சாப்பாடு, மன அமைதி ஆகியவற்றை இன்றைய மருத்துவமும் பரிந்துரைக்கிறது. ஆனால் அவருடைய விதிகளில் சில, யோக சாதனையில் ஈடுபட்டோரை நோக்கிச் சொல்லப்பட்டவை. மிகக் குறைந்த நேர உறக்கம் அவற்றுள் ஒன்று. வயது வந்தோர் நாள்தோறும் குறைந்தது ஏழு மணி நேரம் உறங்க வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை. சர்க்கரை நோய் உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், நெடுநாள் மருந்து உட்கொள்பவர்களும் உணவைக் குறைப்பதற்கும் மூலிகைப் பொடிகளைத் தொடங்குவதற்கும் முன் மருத்துவரைக் கேட்பது அவசியம். புலால், பால் இரண்டையும் தவிர்ப்பவர்கள் பி12 வைட்டமின் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பசித்தவருக்கு ஒரு வேளைச் சோறு இடுவதற்கு மட்டும் இத்தகைய தடை எதுவும் இல்லை. வள்ளலாரின் நெறியில் எவரும் இன்றே தொடங்கக்கூடிய பகுதி அதுதான். அவர் முதலில் வைத்ததும் அதைத்தான்.