அடுப்படியும் அயலும் - 9: நத்தார்த் தட்டும் வான்கோழிக் கறியும்

சாவகச்சேரிப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நத்தார்ச் சமையலுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பலகாரம், கடைசியில் இறைச்சி. புது எண்ணெய் ஊற்றிய தாச்சியில் முறுக்கு, சிப்பி, சீனி அரியதரம், பயத்தம் பணியாரம் எல்லாம் பொரித்து, ஆறவிட்டு, தகரப் பேணிகளில் அடைத்து மூடிய பிறகுதான் அடுப்படிக்குள் மச்சம் நுழையும்.

காரணம் அயல். மாதம் மார்கழி. பல ஆண்டுகளில் டிசம்பர் 25 திருவெம்பாவைப் பூசை நடக்கும் பத்து நாட்களுக்குள்ளேயே வந்துவிடும். வேலிக்கு அந்தப்பக்கம் சைவ வீடு, விரதம். அங்கே போகிற தட்டில் முட்டை சேர்ந்த கேக்கை வைக்க முடியாது. இறைச்சிச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெயில் பொரித்ததையும் வைக்கக் கூடாது. ஆகவே பண்டிகைக்கென்று முதலில் அடுப்பேறுவது, அந்தப் பண்டிகையைக் கொண்டாடாத வீட்டுக்கான சமையல். தட்டு வெறுமையாகத் திரும்பாது. ஒரு பிடி சீனியாவது அதில் இருக்கும். மூன்று வாரத்தில் தைப்பொங்கல் வரும்போது பொங்கலும் வாழைப்பழமும் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரும். எங்கள் சமையலைப் பற்றி எழுதுகிறவர்கள் தூளையும் உறைப்பையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இந்த ஒழுங்கைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

இந்த விருந்து அமெரிக்க மிசன் கொண்டுவந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. சாவகச்சேரி அடங்கிய தென்மராட்சியில் பள்ளிக்கூடங்களை நிறுவிய மிசன் அது. டிறிபேர்க் கல்லூரி அந்த மரபில் வந்தது. ஆனால் 1816இல் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கிய அந்த மிசனரிமார் நியூ இங்கிலாந்துச் சபைகளிலிருந்து வந்தவர்கள். நத்தார் கொண்டாடினால் தண்டம் என்று 1659இல் சட்டம் போட்ட மண் மசசூசெற்ஸ். தடை 1681இல் நீங்கினாலும், நத்தார் அங்கே பொது விடுமுறையானது 1856இல்தான். வான்கோழி அவர்களுக்கு நவம்பர் மாத நன்றி கூறும் நாளுக்குரிய பறவை. ஆகவே நத்தார் விருந்தின் வேரை அவர்களுக்கு முந்திய காலத்தில்தான் தேடவேண்டும். 1619இல் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் வீழ்த்தினார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்தார்கள். ஒல்லாந்தப் பாதிரியார் பால்தேயுஸ் 1672இல் வெளியிட்ட நூலில் சாவகச்சேரித் தேவாலயமும் இடம்பெற்றிருக்கிறது. ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் பன்னீரும் சேர்ந்த நத்தார்க் கேக், பறங்கியர் அடுப்படிகளையும் ஆங்கிலேயர் காலத்தையும் கடந்து நம்மிடம் வந்தது.

அந்தக் கேக்கை அவிக்க வீடுகளில் அவண் இருக்கவில்லை. கலவையைத் தட்டில் ஊற்றி, மேலே ஒரு அடையாளம் வைத்து, பேக்கரிப் போறணைக்குக் கொடுத்துவிடுவார்கள். பாண் இறக்கிய சூட்டில் அது வேகும். போறணை தூரமென்றால், சட்டிக்குக் கீழேயும் மூடிக்கு மேலேயும் சிரட்டைத் தணல்.

அப்படிப்பட்ட அடுப்படியில் முழு வான்கோழியை எப்படி வாட்டுவது? வாட்டவில்லை, வெட்டினார்கள். மெக்சிக்கோவில் வீட்டுப் பறவையான வான்கோழி ஸ்பானியர் வழியாக ஐரோப்பா போய், 1612இல் கோவாவிலிருந்து முகலாய மன்னர் ஜஹாங்கீரின் அரண்மனைக்கு வந்து, ஓவியர் மன்சூரின் தூரிகைக்கும் அகப்பட்டது. எங்கள் பக்கத்தில் நத்தாருக்கு ஆட்டிறைச்சிதான் பெருவழக்கு: நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயைப் பங்கு போடுவார்கள். ஆனால் வளவில் வான்கோழி வளர்க்கும் வீடுகளும் உண்டு. பெரிய குடும்பத்துக்கு அது காணும்.

கறியாக்குவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காலும் தொடையும் வேக நேரமெடுக்கும். நெஞ்சிறைச்சி சீக்கிரம் வெந்து, கொஞ்சம் பிந்தினால் சக்கையாகிவிடும். முழுதாக வாட்டும்போது இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் பதமாக்கத்தான் மேற்கத்தையச் சமையற்காரர் இவ்வளவு பாடுபடுகிறார்கள். வெட்டிவிட்டால் சிக்கலே இல்லை. முற்றின சேவலென்றால் பச்சைப் பப்பாசியை அரைத்துப் பிரட்டி ஊறவிடவேண்டும். அதிலுள்ள பப்பெயின் தசையை இளக்கும். வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை வதங்கியதும் கால்துண்டுகள், யாழ்ப்பாணத் தூள், உப்பு, இரண்டாம் பால். அவை முக்கால் பதம் வெந்த பிறகு நெஞ்சுத் துண்டுகள். கடைசியில் முதற்பால், இறைச்சிச் சரக்குத்தூள். இறக்கி வைத்துத் தேசிக்காய்ப் புளி. இந்தப் பறவைக்கு இதுவே சரியான சமையல் என்பது என் முடிவு.

இந்த ஊரின் நத்தாரைப் பற்றி எழுதும்போது 1995ஐ விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. போருக்குத் தப்பி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில், கொட்டும் மழைக்குள், நாவற்குழி கடந்து தென்மராட்சிக்கு வந்தார்கள். சரியாக எட்டு வாரத்தில் நத்தார். பள்ளிக்கூடங்கள், கோயில்கள், தேவாலயங்கள், வீட்டு விறாந்தைகள் எங்கும் இடம்பெயர்ந்த சனம். பொருளாதாரத் தடையால் சீனி, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. கையில் இருந்தது பனங்கட்டி, தேங்காய், கொஞ்ச அரிசிமா. ஒரு குடும்பத்துக்கு மூட்டிய அடுப்பில் பல குடும்பங்களின் உலை கொதித்தது. பிறகு 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே தரைமட்டமானது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள் அடுப்புக் கல்லிலிருந்து எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார்கள்.

திரும்பாதவர்கள் ஸ்காபரோவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அங்கே அவண் இருக்கிறது, உறைந்த வான்கோழியும் கடையில் கிடைக்கிறது. டிசம்பர் வந்தால் தொலைபேசியில் கேள்விகள் வரும்.

"பெரியம்மா, முழுசா வைக்கிறதோ, வெட்டுறதோ?"

"வெட்டு பிள்ளை. வெட்டினாத்தான் உப்பும் உறைப்பும் உள்ளுக்கு இறங்கும்."

முழுதாக வைக்கத்தான் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. உறைந்த பறவை குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளக, இரண்டு இரண்டரைக் கிலோவுக்கு ஒரு நாள் என்று கணக்கு வையுங்கள். ஆறு கிலோவென்றால் மூன்று நாள். யாழ்ப்பாணத் தூள் ஏற்கெனவே வறுத்து அரைத்தது. தோலுக்கு மேலே பூசினால் அவண் சூட்டில் கருகிக் கசக்கும். பட்டரில் குழைத்துத் தோலுக்குக் கீழே தடவுங்கள், மேலே உப்பும் மஞ்சளும் போதும். தொடையின் தடித்த இடத்தில் வெப்பமானி 74 பாகை செல்சியஸ் காட்டினால் வெந்துவிட்டது. வெட்டுமுன் அரை மணி நேரம் ஆறவிடுங்கள். எலும்பை எறியவேண்டாம். மிளகு, சீரகம், உள்ளி தட்டிப்போட்டு, பழப்புளி கரைத்து விட்டு எலும்பு ரசம் வைத்தால், மறுநாட் காலை இடியப்பத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

(அடுத்த வாரம்: கொடிகாமம் சந்தை)