பிள்ளையை அழைத்துப் போக ஒரு கையெழுத்து

"அப்பா கையெழுத்து எங்கே?"

தாம்பரம் பாஸ்போர்ட்டு சேவை மையத்துக்குப் பிள்ளையோடு தனியாக வரும் தாய் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி இது. தகப்பன் மட்டும் வந்தால், "அம்மா கையெழுத்து எங்கே?" என்று கேள்வி மாறும். குடும்பம் ஒன்றாக இருந்தால் இது அரை நிமிட வேலை. குடும்பம் இரண்டாகி இருந்தால்? அந்த ஒரு கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய வேண்டி வரலாம்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கற்பனைக் குடும்பம்தான். ஆனால் சேலையூரிலோ, செம்பாக்கத்திலோ, உங்கள் அடுத்த தெருவிலோ இப்படி ஒரு குடும்பம் இருக்கக்கூடும்.

மனைவி நர்சு. கணவருக்குத் தாம்பரம் சானடோரியம் ஏற்றுமதி வளாகத்தில் வேலை. ஒரே பையன். வயது ஏழு. கணவன் மனைவிக்குள் ஒத்து வரவில்லை. கோர்ட்டுக்குப் போகாமல், பெரியவர்கள் பேசிப் பிரித்து வைத்தார்கள். பையன் தாயிடம் வளர்கிறான். ஞாயிற்றுக்கிழமை தோறும் தகப்பன் வந்து அழைத்துப் போவார். ஒரு வாரம் வண்டலூர் மிருகக்காட்சி சாலை. ஒரு வாரம் பாட்டி வீட்டுச் சாப்பாடு. பொழுது சாய்ந்ததும் கொண்டு வந்து விட்டு விடுவார்.

இந்த நிலையில் அந்த நர்சுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைக்கிறது. மெல்போர்ன் நகரில் ஓர் ஆஸ்பத்திரி. நல்ல சம்பளம். பையனுக்கும் அங்கே படிப்பு.

செய்தி கேட்டு மாமியார் வந்து நிற்கிறார்.

"நீ போம்மா. வேண்டாம்னு நான் சொல்லலை. பையனை என்கிட்ட விட்டுட்டுப் போ."

"அவனை விட்டுட்டு நான் எப்படிப் போவேன், அத்தை?"

"அப்போ ஞாயித்துக்கிழமை வந்தா என் பிள்ளை எங்கே போவான்?"

மருமகளால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வி அப்படியே இருக்கட்டும். முதலில் கையெழுத்து விஷயத்தைப் பார்ப்போம்.

ஒன்று அல்ல, மூன்று!

பலர் ஏமாறுவது இங்கேதான். "அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார், இனி கவலை இல்லை" என்று நினைக்கிறார்கள். எதில் போட்டார் என்று பார்ப்பதில்லை. பாஸ்போர்ட்டுக்குச் சம்மதம் வேறு. விசாவுக்குச் சம்மதம் வேறு. பிள்ளை வெளிநாட்டில் குடியிருக்கச் சம்மதம் வேறு.

பாஸ்போர்ட்டில் இருந்து தொடங்குவோம். 18 வயது நிறையாத பிள்ளைக்குத் தாய், தகப்பன் இருவரும் கையெழுத்திட்டுத் தருவது 'டி' என்ற படிவம். ஒருவர் மட்டும் விண்ணப்பம் போட்டு, மற்றவர் கையெழுத்துத் தரவில்லை என்றால், அதற்கு 'சி' என்று வேறு படிவம் இருக்கிறது. ஏன் மற்றவர் கையெழுத்து இல்லை என்று அதில் எழுத வேண்டும். உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். "எங்கே இருக்கிறார் என்றே தெரியாது" என்று எழுதிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவரோடு பையனை அனுப்பி வைத்தால் அது பொய். பாஸ்போர்ட்டுக்காகப் பொய் சொல்வது 1967-ம் ஆண்டு பாஸ்போர்ட்டுச் சட்டப்படி குற்றம்.

இந்தப் படிவங்களுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். நோட்டரி வக்கீலின் முத்திரையும் வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும் என்று 2016-ம் ஆண்டு டிசம்பரில் மத்திய அரசு அறிவித்துவிட்டது. தாய், தகப்பன் இருவரில் ஒருவர் பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் குறிப்பிடவும் அப்போது வழி பிறந்தது. இன்னமும் யாராவது "பத்திரம் வாங்கி வாங்க, நானே எழுதித் தர்றேன்" என்று உங்களிடம் பணம் கேட்டால், காரணம் கேளுங்கள்.

தகப்பன் மறுத்தால் பாஸ்போர்ட்டே கிடைக்காதா? அப்படி இல்லை. 2025-ம் ஆண்டு ஜனவரியில் மும்பை ஐகோர்ட்டில் ஒரு வழக்கு வந்தது. 17 வயது மாணவி. ஜப்பானுக்குக் கல்விச் சுற்றுலா போக வாய்ப்புக் கிடைத்தது. பெற்றோருக்குள் வழக்கு நடந்ததால் தகப்பன் ஆட்சேபித்தார். தாய் 'சி' படிவம் கொடுத்திருந்தார். அது போதும், பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று ஐகோர்ட்டு உத்தரவிட்டது.

ஆனால் இது சுற்றுலா. போய்விட்டுத் திரும்பி வருகிற பயணம். நம் நர்சு கேட்பது அது அல்லவே!

அடுத்தது விசா. ஆஸ்திரேலியாவில் 1229 என்று எண்ணிட்ட படிவம் உண்டு. கூட வராத தகப்பன் அதில் சம்மதம் எழுதித் தர வேண்டும். கனடாவிலும் அப்படித்தான். அங்கே அதன் எண் 5604. தகப்பன் எழுதித் தர மறுத்தால், "பிள்ளையை அழைத்து வர இந்தத் தாய்க்கு அதிகாரம் உண்டு" என்று காட்டும் கோர்ட்டு உத்தரவை எதிர்பார்ப்பார்கள். தகப்பன் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் போதும்.

வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏன் இத்தனை அக்கறை? காரணம் இருக்கிறது. தாயோ தகப்பனோ மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விடுவது உலகம் எங்கும் நடக்கிறது. அப்படிக் கொண்டுபோன பிள்ளையைப் பழைய நாட்டுக்கே திருப்பி அனுப்ப, 1980-ல் ஹேக் நகரில் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். நூறு நாடுகளுக்கு மேல் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆஸ்திரேலியா சேர்ந்திருக்கிறது. இந்தியா சேரவில்லை.

இதற்கு என்ன அர்த்தம்? பையன் ஒருமுறை மெல்போர்ன் போய்விட்டால், அவனைத் திருப்பி அழைக்க நம் தகப்பனுக்கு அந்த ஒப்பந்தம் உதவாது. அந்த ஊருக்கே போய், அந்த ஊர் வக்கீல் வைத்து வழக்காட வேண்டும். அவர் சம்பளத்தில் முடியுமா? அவர் கையெழுத்துப் போடத் தயங்குவதைப் பிடிவாதம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

சொல்லாமல் போனால்?

"டூரிஸ்ட் விசா எடு. பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ. அப்புறம் பார்த்துக்கலாம்." இந்த யோசனை சொல்ல ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. சொல்பவர்கள் யாரும் பின்னால் கோர்ட்டுப் படி ஏறப் போவதில்லை.

சென்னையோடு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கைக் கேளுங்கள். இதில் பயணம் மறுபக்கம். அமெரிக்காவில் பிறந்த பையன். பெற்றோர் பிரிந்தார்கள். பிள்ளையை இருவரும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அங்கே கோர்ட்டு உத்தரவு இருந்தது. 2007-ல் தாய் பையனோடு இந்தியா வந்துவிட்டார். தகப்பன் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். போலீசாரால் பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியவில்லை. சி.பி.ஐ. தேடியது. 2009-ம் ஆண்டு அக்டோபரில் பையன் சென்னையில் கிடைத்தான்.

அந்த இரண்டு வருடத்தில் அவன் ஒரு பள்ளிக்கூடத்தில் நிலையாகப் படிக்கவில்லை. டேராடூனில் சேர்த்தார்கள். சில மாதத்தில் எடுத்துவிட்டார்கள். பிறகு சென்னையில் சேர்த்தார்கள். இதை எல்லாம் உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் குறிப்பிட்டது. பையனை அமெரிக்காவுக்கே அழைத்துப் போக வேண்டும், அந்தக் கோர்ட்டு முடிவு செய்யட்டும் என்று உத்தரவிட்டது. அப்போது அவனுக்கு ஏழு வயது. நம் கதையில் வரும் பையனுக்கும் ஏழு வயதுதான்.

கோர்ட்டு என்ன பார்க்கும்?

பேசிப் பார்த்தும் தகப்பன் இணங்கவில்லை என்றால், தாய்க்குக் கோர்ட்டு இருக்கிறது. பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில் மனுப் போட வேண்டும். எல்லா மதத்தாருக்கும் பொதுவாக 1890-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. இந்துக்களுக்கு 1956-ம் ஆண்டுச் சட்டமும் சேரும். 1956-ம் ஆண்டுச் சட்டத்தில், பிள்ளைக்கு முதல் பாதுகாவலர் தகப்பன், 'அவருக்குப் பின்' தாய் என்று எழுதியிருக்கிறது. ரிசர்வ் வங்கிப் பத்திரத்துக்காக மகன் சார்பில் தான் போட்ட கையெழுத்து ஏற்கப்படவில்லை என்று எழுத்தாளர் கீதா ஹரிஹரன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1999-ல் தீர்ப்பு வந்தது. 'அவருக்குப் பின்' என்றால் அவர் செத்த பின் என்று அர்த்தம் இல்லை. தகப்பன் கவனிக்காத நிலையில், அவர் உயிரோடு இருக்கும்போதே தாய் பாதுகாவலர் ஆகலாம் என்று கோர்ட்டு சொன்னது.

எந்தச் சட்டமானாலும் கடைசியில் கோர்ட்டு கேட்பது ஒன்றே: பிள்ளைக்கு எது நல்லது?

2010-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு நம் நர்சின் கதையைப் போலவே இருக்கிறது. தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை. தகப்பன் எதிர்த்தார். நீதிபதிகள் சிறுவனைத் தங்கள் அறைக்கு அழைத்துப் பேசினார்கள். அவன் தாயோடு இருக்கவே விரும்பினான். தாய் அவனை அழைத்துப் போகலாம் என்று தீர்ப்பானது. தகப்பனைக் கைவிட்டுவிடவும் இல்லை. பிள்ளையைப் பார்க்கும் அவர் உரிமையைப் பள்ளிப் படிப்புக்கு இடைஞ்சல் இல்லாதபடி மாற்றி அமைத்தார்கள். 2020-ல் சிங்கப்பூருக்கு மாற்றலான ஒரு தாய்க்கும் உச்ச நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. தகப்பன் வீடியோவில் பிள்ளையோடு பேச ஏற்பாடும் செய்தது.

எல்லாம் இப்படி நல்லபடியாக முடிந்ததா என்றால், இல்லை. அதே 2020-ல், கென்யாவில் வாழ்ந்த ஒரு தகப்பனிடம் பையனை ஒப்படைக்க உச்ச நீதிமன்றம் சம்மதித்தது. பையன் தாயைப் பார்க்க வேண்டும், பேச வேண்டும் என்று நிபந்தனைகள் போட்டது. நிபந்தனைகள் மீறப்பட்டன. 2021-ல் கோர்ட்டு தன் உத்தரவைத் திரும்பப் பெற்று, சி.பி.ஐ. நடவடிக்கைக்கும் உத்தரவிட்டது. போகிற நாட்டுக் கோர்ட்டிலும் இதே மாதிரி ஓர் உத்தரவு வாங்கி வையுங்கள் என்று வக்கீல்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்று. கோர்ட்டு ஒருவரைப் பாதுகாவலராக நியமித்திருந்தாலும், அனுமதி வாங்காமல் அவர் பிள்ளையைக் கோர்ட்டு எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. 1890-ம் ஆண்டுச் சட்டத்திலேயே இது இருக்கிறது.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பெண்கள் தயங்க வேண்டாம். 1987-ம் ஆண்டுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்து கேட்கலாம்.

பொங்கலுக்கு எங்கே?

வழக்கு என்றால் நாள் ஆகும். ஆஸ்பத்திரிக்காரர்கள் அதுவரை வேலையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்களா? எனவே பேசி முடிப்பதே மேல். வீட்டில் பேச முடியாதவர்களுக்கு, 2005-ல் சென்னை ஐகோர்ட்டில் தொடங்கிய சமரச மையம் போன்ற இடங்கள் இருக்கின்றன.

என்ன பேசுவது? இப்போது மாமியார் கேட்ட கேள்விக்கு வருவோம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவர் பிள்ளை எங்கே போவார்?

தாய் முதலில் போக வேண்டியது இந்தக் கேள்விக்குப் பதிலோடுதான். வெறும் படிவத்தை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றால் எந்தத் தகப்பன் போடுவார்?

"வாரம் ஒருமுறை போனில் பேசலாம்" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மணியைச் சொல்ல வேண்டும். மெல்போர்ன் நம்மைவிட நாலரை மணி நேரம் முந்தியது. அக்டோபர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைப்பார்கள். அப்போது ஐந்தரை மணி. தாம்பரத்தில் மாலை ஏழு மணிக்குப் பாட்டி போனை எடுத்தால், பேரன் தூங்கிக்கொண்டிருப்பான். அதுவே ஞாயிறு காலை பத்து மணி என்று எழுதிக்கொண்டால், அங்கே பிற்பகல் இரண்டரை அல்லது மூன்றரை. பையன் சாப்பிட்டுவிட்டு விளையாடும் நேரம். பழைய ஞாயிற்றுக்கிழமை முழுசாகத் திரும்பி வராது. ஒரு பகுதியாவது வரும்.

விடுமுறை விஷயமும் உண்டு. ஆஸ்திரேலியப் பள்ளிகளில் பெரிய விடுமுறை டிசம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரிக் கடைசி வரை நீள்கிறது. நம் பொங்கல் சரியாக அதற்குள் விழுகிறது! பொங்கலுக்குப் பையன் தகப்பன் வீட்டில் என்று எழுதிவிடலாம். தீபாவளிக்கு முடியாது. அப்போது அங்கே பள்ளிக்கூடம் நடக்கும். அதை இப்போதே பாட்டியிடம் சொல்லிவிடுவது நல்லது. அந்த நேரத்தில் சொன்னால் சண்டை வரும்.

விமான டிக்கெட்டுச் செலவு யாருடையது? பள்ளி மார்க்கு விவரம் தகப்பனுக்கும் வருமா? பையனுக்கு ஆபரேஷன் என்றால் அவரைக் கேட்பார்களா? வேலை போய்விட்டால் தாய் திரும்பி வருவாரா? இதை எல்லாம் எழுத வேண்டும். இருவரும் கையெழுத்திட வேண்டும். இந்தத் தாளுக்கு நோட்டரி முத்திரை அவசியம். வெளிநாட்டார் ஏற்பதற்கு, நம் வெளிவிவகார அமைச்சின் 'அபோஸ்டில்' முத்திரையும் வைத்துக்கொள்ளலாம். 2005 முதல் இந்தியா இந்த ஏற்பாட்டில் இருக்கிறது. கனடா 2024-ல் சேர்ந்தது. முடிந்தால் இருவரும் சேர்ந்து கோர்ட்டில் கொடுத்து, அதையே உத்தரவாக வாங்கிவிட வேண்டும். அப்போதுதான் இருவருக்கும் பிடிமானம்.

இந்தத் தாளில் பிரதி இரண்டு எடுங்கள். ஒன்று மெல்போர்ன் போகும் பெட்டியில் இருக்கட்டும். மற்றொன்றைத் தகப்பன் வைத்துக்கொள்ளட்டும். ஞாயிறு காலை பத்து மணி என்று எழுதிய இடத்தைப் பாட்டிக்கு ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.