தோண்டத் தோண்ட வளர்ந்த கதை

புதையல் கதை கேட்காத பிள்ளை உண்டா? பாழடைந்த கட்டடத்தின் அடியில் தங்கக் குடம் இருக்கிறதாம், அதைப் பாம்பு காவல் காக்கிறதாம் என்று மூத்தம்மா சொல்லத் தொடங்கினால், தூங்கி வழிந்த நாமும் எழுந்து உட்கார்ந்துவிடுவோம். கதையாகக் கேட்கும்வரை அதில் தீங்கில்லை. அதையே உண்மையென நம்பி மண்வெட்டியைத் தூக்கினால் என்ன நடக்கும்? இக்கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது கனடாவிலுள்ள ஒரு சிறு தீவு.

அதன் பெயர் ஓக் தீவு. கனடாவின் கிழக்கே, நோவா ஸ்கோஷியா மாகாணக் கரையோரத்தில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 140 ஏக்கர். 1795ஆம் ஆண்டில் டானியல் மக்கின்னிஸ் என்ற இளைஞர், அங்கே நிலம் சற்றுத் தாழ்ந்திருந்த ஓர் இடத்தைக் கண்டாராம். கடற்கொள்ளையர் ஒளித்த செல்வமாக இருக்கலாம் என்று எண்ணி, நண்பர் இருவருடன் தோண்டினாராம். பத்தடிக்கு ஒரு தடவை மரக்குற்றிகளாலான தளம் எதிர்ப்பட்டதாம். பின்னர் வந்த குழுவினர் 90 அடி ஆழத்தில் எழுத்துப் பொறித்த கல்லொன்றைக் கண்டனராம். மறுநாள் பார்த்தால் குழியில் நீர் நிரம்பியிருந்ததாம்.

இப்பந்தியில் 'ஆம்' என்று முடியும் சொற்கள் எத்தனை என எண்ணிப் பாருங்கள். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன். பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்கிறோம், நாம் கண்டதையல்ல என்பதை நம் மொழி இந்தச் சிறிய ஈற்றினால் உணர்த்துகிறது. ஓக் தீவுக்குப் போனவர்கள் மறந்தது இந்த 'ஆம்' என்பதைத்தான்.

கதை நடந்ததாகச் சொல்லப்படும் ஆண்டு 1795. ஆனால் அது அச்சில் வெளிவந்ததோ 1850களின் பிற்பகுதியிலும் 1860களிலும்தான். இடைப்பட்ட ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அது வாய்வழியே வளர்ந்தது. எழுத்துப் பொறித்த கல் இன்று இல்லை. அதன் ஒளிப்படமும் இல்லை. எனினும் அதற்கு மொழிபெயர்ப்பு மட்டும் உண்டு! பல இலட்சம் பவுண் பணம் கீழே புதைந்திருப்பதாக அக்கல் கூறியது என்பார்கள்.

இக்கதையை நம்பிக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பிற்காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியான பிராங்ளின் ரூஸ்வெல்ட் கூட, 1909இல் இளைஞராக இருந்தபோது இத்தேடலில் பங்குகொண்டவரே. செலவானது பணம் மட்டுமன்று. 1861இல் நீரிறைக்கும் பொறியின் கொதிகலன் வெடித்து ஒருவர் மாண்டார். 1897இல் குழியிலிருந்து மேலே தூக்கப்பட்டவர் தவறி விழுந்து இறந்தார். சர்க்கஸில் மோட்டார் சைக்கிள் சாகசம் செய்து பிழைத்த ரொபர்ட் ரெஸ்டால், 1959இல் தீவிலேயே குடியேறினார். 1965 ஆகஸ்ட் 17ஆம் திகதி குழியொன்றில் நச்சுவாயு தாக்கி அவர் மயங்கி விழுந்தார். காப்பாற்ற இறங்கிய மகனும் விழுந்தார். அவர்களைக் காப்பாற்ற இறங்கியோரில் மேலும் இருவர் மாண்டனர். ஒரே நாளில் நான்கு உயிர்கள்!

மொத்தம் ஆறு பேர். இதைக் கேட்டாவது நிறுத்தினார்களா? இல்லை. ஏழு பேர் இறந்த பிறகே புதையல் வெளிப்படும் என்ற புதுக்கதைதான் பிறந்தது.

அப்படியானால் குழியில் நீர் நிரம்பியது எப்படி? புதையலைக் காக்கக் கடலிலிருந்து இரகசியச் சுரங்கம் வெட்டியிருக்கிறார்கள் என்பது நம்புவோரின் விளக்கம். புவியியல் அறிந்தோரின் விளக்கம் எளிமையானது. தீவின் அப்பகுதியில் நிலத்தடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் போன்ற, நீரில் கரையக்கூடிய பாறை. பாறை கரைந்தால் வெற்றிடம் உண்டாகும். மேலே நிலம் தாழும். மண்ணும் விழுந்த மரங்களும் உள்ளே இறங்கும். அண்மையிலுள்ள பெருநிலப் பகுதியிலும் இத்தகைய இயற்கைக் குழிகள் உண்டு. கடலுக்கு அருகில் ஆழமாகத் தோண்டினால் நீர் ஊறுவதும் வியப்பன்று. நம் கரையோர ஊர்களில் கிணறு வெட்டியவர்களைக் கேட்டாலே தெரியும்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் விடவில்லை? பஸ்ஸுக்காக ஒரு மணித்தியாலம் காத்து நின்றவருக்கு, இனி நடந்தே போவோம் என்று மனம் வருவதில்லை. இவ்வளவு நேரம் நின்றோமே என்ற எண்ணம் காலைக் கட்டிவிடும். ஓக் தீவிலும் அதுவே நடந்தது. போட்ட பணமும் பட்ட பாடும் வீணாகக் கூடாதே என்று மேலும் பணம் போட்டார்கள். ஏதாவது கிடைத்தால் புதையலுக்குச் சான்று. எதுவும் கிடைக்காவிட்டால் மிக ஆழமாக ஒளித்திருக்கிறார்கள் என்பதற்குச் சான்று! எந்தப் பதில் வந்தாலும் மாறாத நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. பலரும் பல இடங்களில் தோண்டியதால், முதற்குழி எங்கிருந்தது என்பதே இன்று எவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஆயினும் 2014 முதல் ஒரு தொலைக்காட்சித் தொடர் இத்தேடலை உலகுக்குக் காட்டி வருகிறது.

புதையல் என்பதே பொய் என்று சொல்ல வரவில்லை. 1961இல் நம் நாட்டின் தென்கிழக்கே, கிரேட் பேசஸ் பாறைத்திட்டருகே கடலடியில் படம் பிடிக்க இறங்கிய மைக் வில்சனும் உடன்சென்ற இரு சிறுவரும், மூழ்கிய கப்பலொன்றின் எச்சங்களைக் கண்டனர். அதில் வெள்ளி நாணயங்கள், பைகளில் இருந்த வடிவிலேயே கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தன. அவை முகலாயச் சக்கரவர்த்தி ஔரங்கசீப்பின் காலத்தவை, சூரத்தில் அச்சிடப்பட்டவை, ஹிஜ்ரி 1113 எனப் பொறிக்கப்பட்டவை. இங்கே 'ஆம்' என்ற ஈற்றுக்கு வேலையில்லை. நாணயத்தைக் கையில் எடுத்து எவரும் வாசித்துப் பார்க்கலாம்.

புதையல் தோண்டியோர் கைது என்ற செய்தியை நம் பத்திரிகைகளில் அடிக்கடி காண்கிறோம். உரிய அனுமதியின்றித் தொல்பொருட்களைத் தேடி அகழ்வது நம் நாட்டில் குற்றம். இல்லாத தங்கத்துக்காக உடைபடுவது இருக்கின்ற கல்வெட்டும் கட்டடமும் ஆகும். போன பணத்தை மீண்டும் உழைக்கலாம். உடைந்த கல்வெட்டை எவராலும் மீண்டும் எழுத முடியாது.

எனவே அடுத்த முறை எவராவது "அங்கே இருக்கிறதாம்" என்று சொன்னால், கதையை ஆசையோடு கேட்போம். கேட்டு முடித்ததும், "கண்டவர் யார்? எழுதி வைத்தது எப்போது? அந்தப் பொருள் இப்போது எங்கே?" என்றும் மறவாமல் கேட்போம்.